பொறுத்தார் பங்கு ஆள்வாரா?

1993இல் 95 ரூபாய்க்கு வெளிவந்த இன்ஃபோசிஸ் பங்கில் நூறு வாங்கிப் பெட்டியில் பூட்டியிருந்தால் இன்று எத்தனை கோடி என்ற கணக்கு மறுபடி சுற்றுகிறது. என்விடியாவின் ஏற்றம் அதற்கு இப்போது புதுத் தெம்பு கொடுத்திருக்கிறது. எப்போது வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமாம். வாங்கு, விற்காதே, போதுமாம்.

நியாயம் இல்லாமலில்லை. எஃப் அண்ட் ஓ ஆடும் தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் பணத்தை இழக்கிறார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. அதற்குச் சும்மா இருப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்தக் கணக்கை எப்போதும் ஜெயித்த பெயரை வைத்துத்தான் போடுகிறார்கள். 1993இல் அந்த வெளியீடு முழுதாக விற்கக்கூட இல்லை என்பதைச் சொல்வதில்லை. 2000இன் தொடக்கத்தில் சந்தை கொண்டாடிய ஐடி பங்குகளில் இன்ஃபோசிஸ், விப்ரோவோடு நம் சென்னையின் பென்டாமீடியாவும் டிஎஸ்கியூ சாஃப்ட்வேரும் இருந்தன. சில்வர்லைனும் சத்யமும் இருந்தன. 2001இல் பங்குத் தரகர் கேதன் பாரேக்கின் மோசடி விவகாரம் வெடித்த பிறகும் பென்டாமீடியாவை விற்காமல் வைத்திருந்தவர் பொறுமையில் யாருக்குக் குறைந்தவர்? அவரைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை.

நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். நிர்வாக ஒழுங்குக்காக 2008இல் 'கோல்டன் பீகாக்' விருது வாங்கிய கம்பெனி சத்யம். சரி, மோசடியை விடுங்கள். சிஸ்கோவில் மோசடி இல்லை, வியாபாரமும் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் 2000 மார்ச்சில் தொட்ட விலையை அந்தப் பங்கு மறுபடி எட்ட 25 ஆண்டுக்கு மேல் ஆனது. மைக்ரோசாஃப்டை 1999 டிசம்பர் உச்சத்தில் வாங்கியவர், டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், போட்ட முதலைக் காண 2016 வரை காத்திருந்தார். ஐம்பது வயதில் வாங்கியவருக்கு அது ஓய்வுக்காலம். எப்போது வாங்கினோம் என்பது பொருட்டில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

என் பழைய ஆட்சேபணை இதுதான்: இந்தக் கொள்கையைத் தோற்கடிக்கவே முடியாது. விலை இறங்கினால் உனக்குப் பொறுமை போதவில்லை. கம்பெனியே மூழ்கினால் உனக்குத் தேர்வு தெரியவில்லை. பழி எப்போதும் வாங்கியவன் தலையில். இப்படிப்பட்ட ஒன்றை முதலீட்டு அறிவு என்கிறார்கள். எனக்கு அது ஜோசியமாகத்தான் படுகிறது.

கடைசியில் இண்டெக்ஸ் ஃபண்டுக்குள் ஒதுங்குகிறார்கள். நல்ல இடம்தான். ஆனால் அங்கே பொறுமை உங்களுக்குத்தான், குறியீட்டுக்கு இல்லை. கணக்கில் மோசடி செய்ததாகச் சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம் வெளியானது 2009 ஜனவரி 7. அன்றே சத்யம் 179 ரூபாயிலிருந்து 40 அளவுக்குச் சரிந்தது. 12ஆம் தேதி நிஃப்டி அதைத் தூக்கி எறிந்துவிட்டது.