பெட்டியில் 1200, போர்ட்டில் 100

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு அவ்வளவு வயதில்லை; சுவரின் தடிப்பில் மட்டும் அது கோட்டைக்குச் சொந்தக்காரன். பைபர்க்காரர் முன் விறாந்தையில் பூட்டிவிட்டுப் போன பெட்டியின் வைஃபை சாப்பாட்டறை வாசலோடு நின்றுவிடும். குசினிப் பக்கத்துக்கென்று கேபிள் இழுத்து இரண்டாவதாக ஒரு ரவுட்டர் பூட்டினேன். சில கிழமைகளாக அதோடுதான் சீவியம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடாவதில்லை. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமலே எழும்பிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கிணற்றடி வரை வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அது அலையின் குணம். பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 'ஏசி1200'. "அண்ணன், 1200 ஸ்பீட், யோசிக்காம எடுங்க" என்றார் கடைத் தம்பி. அந்த 1200 வந்த கதை இது: 2.4இல் 300 எம்பிபிஎஸ், 5இல் 867, கூட்டினால் 1167. மிச்சத்தை விளம்பரக்காரர் போட்டு நிரப்பிவிடுகிறார். நம் போன் ஒரு நேரத்தில் ஒரு அலையில்தான் ஒட்டும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகை எவர் கைக்கும் வராது. 867கூட ரவுட்டரும் போனும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் வேகம். நிசத்தில் கிடைப்பது அதைவிட எவ்வளவோ குறைவு.

இதையாவது மன்னிக்கலாம், எல்லாக் கொம்பனியும் ஆடுகிற கூத்து. மன்னிக்க முடியாதது பின்பக்கத்து லான் போர்ட். என் இணைப்பு 300 எம்பிபிஎஸ். குசினியில் ஸ்பீட் டெஸ்ட் 94ஐத் தாண்டவே இல்லை. லப்டொப்பைக் கேபிளில் பூட்டி விண்டோசில் லிங்க் ஸ்பீட் பார்த்தால் 100/100. கேபிளில்தான் முதல் சந்தேகம். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். கிளிப் அடிக்கும்போது ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் 100க்கு இறங்கிவிடும். அதே கேபிளின் முனையை ரவுட்டரிலிருந்து கழற்றி லப்டொப்பில் குத்தினேன்: 1000/1000. கேபிள் சுத்தம். அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது விடை: 10/100 போர்ட். எட்டில் நாலு கம்பியைத்தான் அது தொடுகிறது.

இந்தப் பெட்டியின் வைஃபை 2013இல் வந்த 802.11ஏசி தரம். போர்ட்டோ 1995இல் வந்த பாஸ்ட் ஈதர்நெட். செம்புக் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட் தரம் 1999இலேயே வந்தாயிற்று; காற்றில் 867 காட்டுகிறவருக்கு அதைப் போட மனம் வரவில்லை. இந்த 100உம் பிட் கணக்கு. எட்டால் பிரித்தால், படம் இறங்கும்போது காணும் மெகாபைட் செக்கனுக்கு 12.5தான்.

100க்கு உட்பட்ட பக்கேஜ் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது, விலைக்கேற்ற சாமான். அதற்கு மேல் காசு கட்டுகிறவர்கள் முன்பக்கத்து நாலு இலக்கத்தை விட்டுவிட்டு, அடிப்பக்கத்தில் 'கிகாபிட்' என்றோ 10/100/1000 என்றோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடைத் தம்பி என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். மாற்றிக் கேட்டால், "பெட்டி உடைச்சாச்சே அண்ணன்" என்பார். என்னுடையது விற்பனைக்கு, 100 பக்கேஜ்காரர் மட்டும் கேட்கவும்.