கபாலா பயில விழைவோர்க்கு ஷோலெமின் நூல் போதுமா?

பழைய ஏற்பாட்டு வகுப்பில் எசேக்கியேலின் முதல் அதிகாரத்தை விளக்கி முடிக்கும் ஒவ்வோர் ஆண்டும், வகுப்பு கலைந்தபின் மாணவரில் ஓரிருவர் வந்து கபாலாவைக் குறித்து வினவுவது வழக்கமாயிற்று. எந்த நூலிலிருந்து தொடங்குவது? எபிரெயம் நன்கறியாதவர் பயிலக்கூடுமா? நாற்பது வயது நிரம்பவேண்டும் என்கிறார்களே, அது மெய்யா? இவற்றைக் கேட்டு முடித்தபின் சற்றே தயக்கத்தோடு கேட்கப்படும் வினா ஒன்றுண்டு: இதனை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது எங்ஙனம்? இவையனைத்திற்கும் நெடுங்காலமாக நான் அளித்துவந்த விடை ஒரு நூலின் பெயரே. கெர்ஷோம் ஷோலெம் எழுதிய ‘யூத மறைஞானத்தின் முதன்மைப் போக்குகள்’ என்பதை வாசியுங்கள் என்று கூறி அனுப்பிவிடுவேன். அவ்விடை போதுமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷோலெம் 1897இல் பெர்லினில் பிறந்து, 1923இல் எருசலேமில் குடியேறி, அங்குள்ள எபிரெயப் பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் பணியாற்றி 1982இல் காலமானவர். 1938இல் நியூயார்க்கில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளே விரிவாக்கப்பெற்று 1941இல் நூலுருப் பெற்றன. முந்திய ஆண்டு உயிர்நீத்த தம் நண்பர் வால்டர் பெஞ்சமினின் நினைவுக்கு நூலைப் படைத்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் பலர், குறிப்பாக ஹைன்ரிஷ் கிரேட்ஸ், கபாலாவை அறிவுக்கு நேர்ந்த இழிவாகக் கருதி ஒதுக்கினர். அந்த இகழ்ச்சியைத் துடைத்து, கையெழுத்துப் படிகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, தேர் மறைஞானம் தொடங்கி ஹசிதியம் வரை ஒரே வரலாறாகக் கோத்துத் தந்தது இந்நூல். இத்துறையில் இதற்கு நிகரான நுழைவாயில் பிறிதொன்று இன்றும் இல்லை என்பது என் கருத்து.

நூலின் சிறப்பு முழுவதும் வெளிப்படும் இடம் சோகாரைக் குறித்த ஐந்தாம் விரிவுரையாகும். சோகார் இரண்டாம் நூற்றாண்டு ரபீ ஷிமோன் பார் யோகாயின் வாய்மொழி என்பது மரபு. ஷோலெம் அதன் அரமேய நடையை எடுத்துக்கொண்டு, அது பேச்சில் வழங்கிய மொழியன்று, இடைக்கால எபிரெயத்தில் சிந்தித்த ஒருவர் புனைந்துகொண்ட மொழி என்று காட்டுகிறார். பாலஸ்தீன நிலவியலில் ஆசிரியர் செய்யும் பிழைகளைச் சுட்டுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஸ்தீலில் வாழ்ந்த மோசே தெ லெயோனே ஆசிரியர் என முடிவுசெய்கிறார். இவ்விடத்தில் ஆக்கோவின் ஈசாக்கு என்பவர் விட்டுச்சென்ற குறிப்பு வாசகரின் உள்ளத்தை நெருடும். மோசே தெ லெயோன், பழம்பிரதி ஆவிலாவிலுள்ள தம் இல்லத்தில் இருப்பதாக அவரிடம் ஆணையிட்டுக் கூறினாராம். ஆனால் ஊர் திரும்பும் வழியிலேயே 1305இல் இறந்துபோனார். ஆவிலாவின் செல்வரொருவர் அப்பிரதியைப் பெறும்பொருட்டு, விதவையின் மகளைத் தம் மகனுக்கு மணமுடிக்கவும் முன்வந்தார். வறுமையிலிருந்த அவ்விதவையோ, அப்படியொரு பிரதி ஒருபோதும் இருந்ததில்லை, கணவர் தம் சிந்தையிலிருந்தே எழுதினார் என்று சொல்லிவிட்டாள் என அக்குறிப்பு கூறுகிறது. பொய் சொல்லியிருந்தால் மகளின் வாழ்வு மலர்ந்திருக்கும். ஷோலெம் இக்கதையின்மீது தம் வாதத்தைக் கட்டாமல், மொழிச்சான்றுகளின்மீதே கட்டுகிறார். நம் மாணவர் உபாகமத்தையும் தானியேலையும் ஆராயும்போது கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு இதுவே. பின்னர் யெகூதா லீபஸ், சோகார் ஒருவரின் படைப்பன்று, ஒரு குழுவினரின் படைப்பு எனக் காட்ட முற்பட்டார். ஆயினும் காலத்தையும் இடத்தையும் பற்றிய ஷோலெமின் முடிவு அசையவில்லை.

குறை எங்கே உள்ளது? கடைசி வினாவிற்கு, அதாவது வாழ்வைப் பற்றிய வினாவிற்கு, இந்நூல் ஏறக்குறைய மௌனமாயிருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. பல ஆண்டுகளுக்குமுன் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கம் ஒன்றில், ஈசாக் லூரியாவின் போதனையை எடுத்துக்கொண்டேன். அளவற்ற இறைவன் தம்மையே சுருக்கிக்கொண்டு சிருஷ்டிக்கு இடமளித்தார் என்பது சிம்சூம். தெய்வீக ஒளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைந்தன என்பது இரண்டாம் நிலை. சிதறிய பொறிகளை மீட்டு உலகைச் செப்பனிடுவது திக்குன். ஆகவே ஏழைக்கு வீடு கட்டுவதும் கிணறு வெட்டுவதும் திக்குனே என்று முழங்கினேன். சபையார் மெச்சினர். மறு வாரம் ஏழாம் விரிவுரையை மீண்டும் வாசித்தபோதுதான் நான் சொன்னது லூரியாவின் கருத்தன்று என்பது தெளிவாயிற்று. லூரியாவுக்குத் திக்குன் என்பது 613 கற்பனைகளைக் கைக்கொள்வதாலும், ஒவ்வொரு ஜெபச்சொல்லிலும் உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் கவனாவாலும் நிகழ்வது. செப்பனிடப்படுவது முதலாவது இறைத்தன்மைக்குள் நேர்ந்த பிளவு; சமுதாயம் அன்று. பொறியை மீட்கும் கரம் நியாயப்பிரமாணத்தின்கீழ் உள்ள யூதனின் கரம். அவன் கற்பனைகளைக் கழற்றியெறிந்துவிட்டு, அவன் உருவகத்தை மட்டும் நம் சமூகத் தொண்டின்மேல் போர்த்துவது களவுக்கு ஒப்பாகும்.

எனக்கு இப்பிழையை உணர்த்தியவர் ஷோலெம்தான். ஆயினும் பிழைக்குத் தூண்டியதும் அவர் நூலே எனத் தோன்றுகிறது. அவருடைய கையில் கபாலா பெரும்பாலும் ஒரு சிந்தனை முறையாக, உருவகங்களின் வரலாறாக அமைந்துவிடுகிறது. எழுந்து, கைகழுவி, உண்டு, ஓய்வுநாளை எதிர்கொண்டு வாழ்ந்த மனிதர் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றனர். மோசே இடெல் 1988இல் வெளியிட்ட தம் ஆய்வில் இக்குறையையே எடுத்துரைத்தார்: கோட்பாட்டைவிட அனுபவமும் சடங்கும் பயிற்சிமுறையும் கபாலாவின் உயிர் என்பது அவர் வாதம். லூரியாவின் போதனை 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் துரத்தப்பட்ட துயரத்தின் எதிரொலி என்ற ஷோலெமின் புகழ்பெற்ற விளக்கத்தையும் இடெல் ஏற்கவில்லை. லூரியா எருசலேமில் பிறந்து எகிப்தில் வளர்ந்தவர், தந்தைவழியில் அஷ்கெனாசியர். ஷோலெமின் விளக்கம் கவர்ச்சிமிக்கது, ஆனால் நூல்களின் சான்று மெலிந்தது என்றே நானும் எண்ணுகிறேன். தம் தலைமுறையின் நாடிழந்த வேதனையை அவர் பதினாறாம் நூற்றாண்டின்மேல் ஏற்றிப் பார்த்தார் போலும்.

நீதியாகக் கூறவேண்டுமெனில், ஷோலெமே இக்குறையைப் பிற்காலத்தில் ஓரளவு நிரப்பினார். 1960இல் ஜெர்மனில் வெளிவந்த கபாலாவின் குறியீடுகளைப் பற்றிய தொகுப்பில், சடங்குகளைக் குறித்து நெடிய கட்டுரையொன்று உண்டு. கலிலேயாவின் சாஃபெத் நகரில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஓய்வுநாளாகிய மணமகளை எதிர்கொள்ள வயல்வெளிக்குச் சென்றதையும், நள்ளிரவில் எழுந்து ஷெகினாவின் சிறையிருப்புக்காக அழுததையும் அதிலே காண்கிறோம். இனி மாணவர் கையில் இவ்விரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.

வயதைப் பற்றிய வினாவிற்கு வருவோம். மிஷ்னாவின் ஹகிகா பகுதி, எசேக்கியேலின் தேரைத் தானாகவே உணரவல்ல ஞானியல்லாத ஒருவனுக்கு விளக்கலாகாது என்கிறது. அங்கே வயது குறிக்கப்படவில்லை. போலி மேசியாவாகிய சபத்தாய் ஸெவி 1666இல் இஸ்லாத்தைத் தழுவியதும், அவர் வழிவந்த யாக்கோபு பிராங்கின் கூட்டத்தார் செய்த கேடுகளும் யூதத் தலைவர்களை அச்சுறுத்தின. 1756இல் பிரோடி நகரில் கூடிய ரபீமார் சோகாருக்கு முப்பதும் லூரியாவின் எழுத்துகளுக்கு நாற்பதும் வயதெல்லையாக விதித்தனர். லூரியாவோ 1572இல் முப்பத்தெட்டு வயதில் மறைந்தவர்! தம் போதனையைப் பயிலத் தமக்கே வயது போதாதவராயிருந்தார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எல்லை வகுத்தவர்களின் கவலை வயதன்று. தோராவிலும் தல்மூதிலும் வேரூன்றாதவன் உருவகத்தைப் பிடித்துக்கொண்டு கற்பனையை விட்டுவிடுவான் என்பதே அக்கவலை. என் பிரசங்கத்தை நினைக்குந்தோறும் அக்கவலை எனக்கு விளங்குகிறது.

எபிரெயம்? சோகார் ஐந்தாகமங்களின் விளக்கவுரையாகவே நடப்பதால், மூலவசனத்தின் சொல்லும் ஒலியும் அறியாதவர்க்கு அதில் பாதி மறைந்தே நிற்கும். டேனியல் மாட் தொடங்கிய விரிவான ஆங்கில மொழிபெயர்ப்பு 2004 முதல் 2017 வரை பன்னிரண்டு தொகுதிகளாக நிறைவுற்றது. அதன் அடிக்குறிப்புகள் பேருதவி. ஆயினும் எபிரெயத்தைப் பயின்றே தீரவேண்டும்.

கிறிஸ்தவர்க்குரிய இடத்தைப் பற்றிச் சொல்ல வாய் கூசுகிறது. பீகோ தெல்லா மிராந்தொலா 1486இல் வெளியிட்ட தொள்ளாயிரம் கருத்துரைகளில், கிறிஸ்துவின் தெய்வத்தன்மைக்குக் கபாலாவே உறுதியான சான்று என வாதிட்டார். ரோய்க்லின் நான்கெழுத்துத் திருநாமத்தின் நடுவில் ஷின் என்னும் எழுத்தைச் சேர்த்து இயேசுவின் நாமத்தைக் கண்டார். பத்து செஃபிரோத்தில் மேல் மூன்றையும் திரித்துவமாகக் காண விழையும் நம் மாணவர் இவர்களின் பேரப்பிள்ளைகளே. யூதர் தம் நூலில் எழுதியதை யூதரைக் காட்டிலும் நாமே அறிவோம் என்னும் செருக்கு அதனுள் ஒளிந்திருக்கிறது. ஆயினும் அதே ரோய்க்லின் 1510இல் யூத நூல்களை அழிக்கலாகாது எனப் பேரரசருக்கு அறிக்கை அளித்து, அதனால் ஆண்டுக்கணக்கில் துன்புற்றார். லூத்தரோ 1543இல் கபாலாவின் திருநாம விளக்கங்களை இழித்து எழுதிய நூலில், யூதரை வாயில் வரத்தகாத சொற்களால் தூற்றினார். சீர்திருத்தத்தின் பிள்ளைகளாகிய நாம் ரோய்க்லினின் பிழையைத் திருத்துமுன் லூத்தரின் பாவத்தை அறிக்கையிடவேண்டும்.

வாழ்வைப் பற்றிக் கேட்கும் மாணவனுக்கு ஷோலெம் சில பக்கங்களில் கடந்துசெல்லும் மோசே கொர்தொவெரோவை நான் காட்டுவேன். லூரியாவுக்குமுன் சாஃபெத்தில் ஆசானாயிருந்து 1570இல் மறைந்தவர் இவர். இவருடைய ‘தெபொராளின் பேரீச்சமரம்’ என்னும் சிறுநூல் 1588இல் வெனிசில் அச்சேறியது. பத்து செஃபிரோத்தையும் மனிதன் தன் நடையில் ஒத்திருப்பது எப்படி என்பதே அதன் பொருள். முதல் அதிகாரம் மீகா 7:18-20ஐ எடுத்துக்கொண்டு, பாவம் செய்யும் அந்தக் கணத்திலும் பாவியின் கைக்கு அசையும் வலுவைத் தருபவர் இறைவனே, அந்த அவமதிப்பை அவர் பொறுத்துக்கொள்கிறார், நீயும் அவ்வாறே பொறு என்கிறது. ஹெசெத் என்னும் கிருபையைப் பற்றிய அதிகாரம் நோயாளியைக் காணச் செல்வதையும், ஏழைக்கு ஈவதையும், அந்நியரை உபசரிப்பதையும், இறந்தோரை அடக்கம்பண்ணுவதையும் பேசுகிறது. நோயாளியைக் காண்பவன், உன்னதப்பாட்டில் நேசத்தால் சோகமடைந்தவளாகிய ஷெகினாவையும் காணச் செல்கிறான் என்பது அதன் பொருளுரை. அன்று நான் கிணறு வெட்டுவதோடு திக்குனை இணைத்தபோது தேடியது இதுவாயிருக்கலாம். ஆனால் கொர்தொவெரோவிடம் அத்தொடர்பு கற்பனையின் வழியாகவே வருகிறது. அதைத் தாண்டிக் குதித்து வருவதில்லை.

வரும் பருவத்தில் எபிரெய வகுப்பில் மீகாவின் இறுதி வசனங்களை முடித்தவுடன் இச்சிறுநூலின் முதல் அதிகாரத்தை மாணவரோடு வாசிக்க எண்ணியுள்ளேன். ஷோலெமின் ஏழாம் விரிவுரை அதற்கடுத்த வாரம்.