ஈடித் பங்கரும் நமது சிரிப்பும்

நார்மன் லியர் உருவாக்கி, 1971 ஜனவரி முதல் 1979 ஏப்ரல் வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்னும் குடும்ப நகைச்சுவைத் தொடரை, முதலிலிருந்து இறுதிவரை வரிசையாக மீண்டும் பார்த்து முடித்தேன். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஒரு தொழிலாளியின் இல்லம். கறுப்பர், யூதர், குடியேறியோர் என எவரையும் விட்டுவைக்காது இழித்துரைக்கும் குடும்பத் தலைவர் ஆர்ச்சி. அவர் முன் அடங்கி நடக்கும் மனைவி ஈடித். மகள் குளோரியா. மாமனார் வீட்டில் உண்டுகொண்டே அவரோடு ஓயாது வாதிடும் மருமகன் மைக்.

தப்பெண்ணத்தை நகைப்பின் மூலம் கரைத்துவிடலாம் என்பது தொடரை ஆதரித்தோர் கூறிய நியாயம். ஆனால் 1974இல் வெளியான விட்மார், ரோக்கீச் ஆகியோரின் ஆய்வு வேறொன்றைக் கண்டது. இனக்காழ்ப்பு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தம்மவராகவே கருதி, வாதத்தில் அவரே வென்றதாக எண்ணினர்! அங்கதம் தன் இலக்கைத் தவறவிட்டது என்று அன்று பலர் முடிவு கட்டினர். முழுவதையும் பார்த்தபின் எனக்கு அம்முடிவு போதுமானதாகத் தோன்றவில்லை.

காரணம் ஈடித். தொடக்கப் பருவங்களில் ஆர்ச்சி அவரை வாயடைக்கும் ஒவ்வொரு முறையும் அரங்கம் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். லியரின் தந்தை தம் மனைவியை அடக்கப் பயன்படுத்திய சொல்லே அங்கு ஆர்ச்சியின் வாயில் வருகிறது. ஆர்ச்சியின் இனவெறியை எள்ளியோரும் இந்தச் சிரிப்பில் பங்குகொண்டனர் என்பதே தனிப்பகுதிகளைப் பார்ப்போர் காணத் தவறுவது.

1977இன் கிறிஸ்துமஸ் பகுதியில், ஈடித் நேசித்த, பெண்வேடமிட்டு நடிக்கும் கலைஞர் பெவர்லி, தெருவில் தாக்கப்பட்டுக் கொல்லப்படுகிறார். தேவாலயத்தைத் தவறவிடாத ஈடித்தின் நம்பிக்கை ஆட்டங்காணுகிறது. அவரை மீண்டும் நம்பிக்கையின்பால் அழைத்து வருபவரோ இறைநம்பிக்கையற்ற மைக்! இப்பகுதி கேலிக்கோ உபதேசத்திற்கோ இடந்தரவில்லை. இதுவரை பேதையென்று சிரிக்கப்பட்டவரின் துயரத்தின்முன் அவ்வீட்டினர் ஒவ்வொருவரும் செய்வதறியாது நிற்கின்றனர்.

ஆர்ச்சிக்கும் இத்தகைய ஒரு தருணம் உண்டு. 1978இல் மைக்குடன் சரக்கறையில் அடைபட்ட இரவில், தம்மை அடித்து வளர்த்த தந்தையைப் பற்றி, அவர் சொன்னதெல்லாம் அன்பால் என்று உறுதியாக நம்பிப் பேசுகிறார். காழ்ப்பு எங்கிருந்து வந்ததென்பது விளங்குகிறது. அதனால் அது மன்னிக்கப்படுவதில்லை. கரோல் ஓ’கானரின் நடிப்பில் சிறந்தது இதுவே என்பேன்.

அவ்வாண்டே மைக்கும் குளோரியாவும் கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்துவிடுகின்றனர். அதன்பின் வந்த ஒன்பதாம் பருவத்தில் எதிர்வாதமற்ற ஆர்ச்சி சோர்வூட்டுகிறார். ஈடித்தாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டனுக்காகவே அதையும் பார்த்து முடித்தேன்.