நீங்கிய சட்டமும் நீங்காத கடமையும்

பயனிழந்த சட்டங்களை நீக்குதல் விழிப்புள்ள அரசின் கடமை. வழக்கொழிந்த சொல்லை மொழி கைவிடுவது போலவே, காலத்துக்கு ஒவ்வாத விதியை நாடும் கைவிட வேண்டும். அதில் குற்றம் காண்பாரில்லை. ஆயினும் ஒரு சொல் மறையும்போது, அது குறித்த பொருளைச் சுட்ட வேறொரு சொல் வந்து அமைந்ததா என்று மொழி கற்றோர் நோக்குவர். மலேசிய இரயில்வேச் சட்டங்கள் அடுத்தடுத்து நீக்கப்பட்ட வரலாற்றையும் அவ்வாறே ஆராய்தல் தகும்.

நெகிரி செம்பிலான் மக்களுக்கு இரயில் அயலான பொருளன்று. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் பாதை 1891ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. தனியார் வசமிருந்த அப்பாதை 1908ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநில இரயில்வேயைச் சேர்ந்தது. மலாயாவில் தண்டவாளம் இட்டவர்களுள்ளும், வெயிலிலும் மழையிலும் அதனைப் பேணியவர்களுள்ளும் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். எனவே இரயிலைப் பற்றிய சட்டம் இச்சமூகத்தின் உழைப்பைப் பற்றிய சட்டமுமாகும்.

1948ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம், இரயில்வே அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில் இருந்த காலத்துக்குரியது. அதனை நிறுவனமாக்கக் கருதியபோது அச்சட்டம் பொருந்தாமற் போயிற்று. 1991ஆம் ஆண்டில் புதிய சட்டங்கள் பிறந்தன. 1992 ஆகஸ்டு முதல் நாள் கேடிஎம் பெர்ஹாட் பொறுப்பேற்றது. 1995ஆம் ஆண்டில் கொமுட்டர் மின்சார இரயில் அறிமுகமாயிற்று. சிரம்பானைத் தென்முனையாகக் கொண்டிருந்த அச்சேவை, 2011ஆம் ஆண்டில் சுங்கை காடுட் வரை நீண்டது.

1991ஆம் ஆண்டுச் சட்டமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம், மறு ஆண்டு ஜனவரி இறுதியில் நடப்புக்கு வந்து அதனை நீக்கியது. பேருந்து, டாக்சி, இரயில் யாவற்றையும் ஒருங்கே கண்காணிக்க, பிரதமர் துறையின் கீழ் ஸ்பாட் என்னும் ஆணையம் அமைந்தது. அந்த ஆணையமும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் கலைக்கப்பட்டது. 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு அதன் பணிகள் போக்குவரத்து அமைச்சைச் சார்ந்த அபாட் என்னும் அமைப்புக்குச் சென்றன. அவ்வேளையில் அமைச்சராயிருந்த அந்தோணி லோக், 2008 முதல் 2013 வரை ராசா நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர்.

கலைப்புக்கு நியாயம் உண்டு. போக்குவரத்துக்கு ஓர் அமைச்சு, அதன் ஒழுங்குக்கு வேறொரு துறையின் கீழ் ஓர் ஆணையம் என்றிருந்தால் பொறுப்பு இரண்டாகப் பிளவுபடும். நாடாளுமன்றத்தில் விடையளிக்க வேண்டிய அமைச்சரிடமே அதிகாரமும் இருத்தல் முறையே.

குறை வேறிடத்தில் உள்ளது. கலைக்கப்படும் அமைப்பின் சொத்து, ஊழியர், ஒப்பந்தம், வழக்கு ஆகியன யாரைச் சேரும் என்பதில் இத்தகைய சட்டங்கள் மிகுந்த கவனம் செலுத்துகின்றன. நீக்கப்பட்ட சட்டத்தின் கீழ் ஏற்கெனவே பெற்ற உரிமை கெடாது என்று நாட்டின் பொதுவான பொருள்விளக்கச் சட்டமும் காவல் செய்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் தன் உரிமம் செல்லும் என்பதை அறிந்து நிம்மதி கொள்ளும். வண்டி தாமதித்தால் கேட்க வேண்டியவர் யார் என்பதையோ சாதாரணப் பயணி சட்டத்தைப் படித்து அறிதல் அரிது. மேலும், இரயிலை ஓட்டும் நிறுவனம் அரசாங்கத்துக்கு உரியது. அதனைக் கண்காணிக்கும் அமைப்பும் அமைச்சின் அங்கம். ஓடுபவரும் நடுவரும் ஒரே வீட்டினர் ஆவர். முந்தைய ஆணையமும் அரசாங்கத்தின் நிழலில் நின்றதே எனினும், தனிப் பெயரும் தனிக் கணக்கும் கொண்டிருந்தது.

இந்தியாவிலும் இதே நிலை காணப்படுகிறது. 1905ஆம் ஆண்டின் இரயில்வே வாரியச் சட்டம் 2025ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, அதன் கூறுகள் 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டத்தில் இணைக்கப்பட்டன. இரண்டு ஏடுகள் ஒன்றாயின. படிப்பவர்க்கு அது நன்மையே. தற்சார்புள்ள கண்காணிப்பு வேண்டும் என்ற கேள்வி மட்டும் அங்கும் தீராமல் நிற்கிறது.

சிரம்பான், ராசா வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்வோர்க்குச் சிரம்பான் நிலையமே வாயில். சொந்த வாகனம் உள்ளவர்க்கு இரயிலின் தாமதம் ஒரு செய்தி. இல்லாதவர்க்கு அது ஒரு நாட்கூலி. அவர்களுக்குச் சட்டத்தின் எண்ணோ அமைப்பின் பெயரோ பொருட்டன்று. கட்டணத்தை உயர்த்துபவர் யார், நேர அட்டவணையை மாற்றுபவர் யார், முறையீட்டுக்கு எத்தனை நாளில் விடை வரும் என்பனவே வேண்டும்.

ஆதலின், நீக்கும் சட்டம் ஒவ்வொன்றும் எளிய அட்டவணை ஒன்றைத் தாங்கி வருதல் வேண்டும். பழைய கடமை எது, இனி அதனை ஆற்றுபவர் யார், தவறினால் எங்கே முறையிடுவது என மூன்று பத்திகள் போதும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அதனை அச்சிட்டு நிலையந்தோறும் ஒட்டிவைத்தல் பெருஞ்செலவன்று. பழைய சட்டத்தை நீக்குவதற்குப் பெரும்பான்மை வாக்குப் போதும். அது சுமந்த கடமையை மக்கள் கண்முன் மற்றொரு தோளில் ஏற்றுவதே நல்லாட்சியின் இலக்கணம்.