தட்டின் மறுபக்கம்

ஒரு நாவல் ஆயிரக்கணக்கில் விற்றது என்பதால் அதை நல்ல நாவல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. விற்றுவிட்டது என்பதற்காகவே மட்டம் என்று தள்ளுவதும் நியாயமில்லைதான். இந்த இரண்டு அபிப்பிராயங்களையும் ஓர் அமெரிக்க இசைத்தட்டு எனக்குச் சிக்கலாக்கிவிட்டது.

வாஷிங்டன் நகரத்து 'வின்ஸ்டன்ஸ்' என்ற ஸோல் இசைக்குழு 1969-ல் வெளியிட்ட தட்டு அது. முன்பக்கத்தில் 'கலர் ஹிம் ஃபாதர்'. தகப்பனை யுத்தத்தில் இழந்த பையன், தாயை மணந்து குடும்பத்தைத் தாங்கும் மாற்றாந்தகப்பனை நன்றியோடு நினைக்கிற பாட்டு. வாரந்தோறும் வரும் பில்போர்டு பட்டியலில் ஏழாவது இடம் வரை ஏறியது. எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்ஸருக்குக் கிராமி பரிசும் கிடைத்தது. கேட்டால் நெஞ்சு இளகத்தான் செய்கிறது.

மறுபக்கத்தை நிரப்பியது 'ஆமென், பிரதர்'. நடுவே மற்ற வாத்தியங்கள் ஓய, கிரிகரி கோல்மன் ஆறேழு விநாடி தனியாக டிரம் வாசிக்கிறார். 1980-களில் ராப் கலைஞர்கள் அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் பிரிட்டனின் 'ஜங்கிள்' இசை அதை அஸ்திவாரமாக வைத்தே எழுந்தது. இன்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது ஒலிக்கிறது.

நல்லதைக் காலம் கைவிடாது என்று எழுத்தாளர்கள் நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. வாசிப்பைக் காலம் கைவிடவில்லை; வாசித்தவரைக் கைவிட்டது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006-ல் வீடற்றவராக இறந்தார். 2015-ல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பிரிட்டிஷ் பவுன் ஸ்பென்ஸருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

காலத்தின் தீர்ப்பை இன்னமும் நம்புகிறேன். அது கூலியும் கொடுக்கும் என்று மட்டும் இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.