தொட்டில் கயிறு: பெரியாழ்வாரின் தாலாட்டுத் திருமொழியில் ஒரு விசாரம்

சென்ற ஸ்ரீஜயந்தியன்று உபந்யாஸத்தின் பொருட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்ப் பஜனை மடத்திற்கு அடியேன் சென்றிருந்தேன். கண்ணனை எழுந்தருளப்பண்ணியிருந்த தொட்டிலுக்கு மின்பொறி பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒலிபெருக்கியில் பெரியாழ்வாருடைய தாலாட்டுத் திருமொழி பதிவாக ஒலித்துக்கொண்டிருந்தது. தொட்டில் தாளம் தப்பாமல் ஆடியது. கயிறு பிடிக்க வந்த முதியவர்கள் கைகூப்பி நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அடியேன் முகம் மாறியதைக் கண்ட ஒருவர், "கை ஓயும் ஸ்வாமி, பொறி ஓயாது. பெருமாளுக்குத் தொட்டில் ஓயாமல் ஆடவேண்டும் என்பதுதானே நமக்கு வேண்டியது?" என்றார். இந்தக் கேள்வியைப் பழமையின் மேலுள்ள பற்றினால் மட்டும் தள்ளிவிட இயலாது. ஆட்டம் தொட்டிலில் கிடப்பவனுக்காகவே என்று கொண்டால் அவர் சொன்னதே சரி. எனவே பாசுரத்தையே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில், தேனிச் சாலையிலிருந்து சற்று விலகி, வைகை அணைக்குச் சென்றேன். 1959ஆம் ஆண்டு முதல் நின்றுவரும் அணை அது. அதன் முழு அளவு 71 அடி. சித்திரைப் பௌர்ணமியில் மாலிருஞ்சோலை அழகர் மதுரையில் ஆற்றிலிறங்குவதற்குத் தண்ணீர் திறந்துவிடப்படுவதும் இங்கிருந்தே. அணைக்கரைச் சாலையோரத்தில் ஒரு புளியமரக் கிளையில் சேலைத் தொட்டில் தொங்கிற்று. தாய் கீழே அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் நுனி அவள் காற்பெருவிரலில் கட்டியிருந்தது. குழந்தை உறங்கி நெடுநேரமாகியிருக்க வேண்டும். கால் மட்டும் நிற்கவில்லை. "பிள்ளைதான் தூங்கிவிட்டதே அம்மா, இன்னும் ஏன் ஆட்டுகிறாய்?" என்று கேட்டேன். "ஆட்டாம இருந்தா எனக்குத்தான் கை ஓடாது சாமி" என்றாள், பூவிலிருந்து கண்ணெடுக்காமலே.

'மாணிக்கம் கட்டி' என்று தொடங்கும் திருமொழிக்கு நல்லதோர் உரைக்குறிப்பாக அந்தச் சொல் அன்று அடியேனுக்குப் பட்டது.

அத்திருமொழியின் அமைப்பு ரஸிகர்கள் அறிந்ததே. பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான். சிவனும் இந்திரனும் அரையில் பூட்டவும் காலில் அணிவிக்கவும் அணிகலன்கள் விடுக்கிறார்கள். வருணன் முத்து அனுப்ப, திருமகள் துழாய் மாலை விடுக்கிறாள். பூமிப்பிராட்டியின் வரிசையில் ஒரு பொற்சுரிகையும் இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கத்தி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதைப் பின்னர் காண்போம். பலச்ருதி நீங்கலாக ஒவ்வொரு பாட்டின் ஈற்றிலும் தாலேலோ இருமுறை வருகிறது. போய்வரும் தொட்டிலுக்கு இந்த இரட்டை எவ்வளவு பொருந்துகிறது என்பது வாய்விட்டுச் சேவித்தவர்களுக்கே தெரியும். அழாதே என்று குழந்தையைத் தேற்றும் சொல்லும் இடையே வருகிறது; ஆகவே ஆட்டம் குழந்தைக்காக அல்லவே அல்ல என்று சொல்ல முடியாது.

ஆனால் குழந்தை அழுகையை நிறுத்திற்று என்றோ உறங்கிற்று என்றோ எந்தப் பாட்டிலாவது வருகிறதா? வரவில்லை. பலச்ருதியான பத்தாம் பாட்டில்தான் இடர் நீங்குவது பேசப்படுகிறது. அங்கே இடரற்றுப் போகிறவர்கள் யசோதை தாலாட்டிய பரிசை ஆழ்வார் சொல்லியபடி குறைவறச் சொல்ல வல்லவர்கள். தாலாட்டின் ஆறுதல் தாலாட்டுகிறவர்களிடம் வந்து சேர்கிறது என்பதற்கு ஆழ்வாருடைய திருவாக்கே சான்றாயிற்று. பலச்ருதிகள் எல்லாத் திருமொழிகளுக்கும் உரியவையே, இதில் விசேஷம் என்ன என்று கேட்கலாம். பலன் திருமொழிதோறும் வேறுபடுகிறது. தாலாட்டுக்கு உலகியலில் என்ன பயனோ அதனோடு ஒத்த பயன் இங்கே பாடுவோருக்கு ஓதப்பட்டிருக்கிறது என்பதே அடியேன் விண்ணப்பம்.

இதைவிட வலிய சான்று குலசேகரப்பெருமாளிடத்தில் இருக்கிறது. திருக்கண்ணபுரத்தில் சக்கரவர்த்தித் திருமகனுக்குத் தாலாட்டுப் பாடிய அவர், அதற்கு முந்தைய திருமொழியில் தேவகியின் புலம்பலாகப் பேசுகிறார். பிள்ளையைப் பெற்றும் வளர்க்கப் பெறாதவள் எதை முதலில் எண்ணி அழுகிறாள்? பாலூட்டாமையும் பிள்ளைப்பேச்சைக் கேளாமையும் பின்னரே வரக்கூடும். வாயாரத் தாலோ சொல்லும் பேறு தனக்கில்லை, அதனால் தாயரில் கடைப்பட்டவள் தான், என்பதே அவளுடைய முதற்பாட்டு. ஆய்ப்பாடியில் பிள்ளைக்குத் தாலாட்டுக் குறைவில்லை, யசோதை இருக்கிறாள். பிள்ளை ஒன்றையும் இழக்கவில்லை. இழந்தது தேவகியின் வாய். தாலாட்டு கிடப்பவனுக்கு மட்டுமே பயன்படுவதாயின் இந்தப் புலம்பலுக்கு இடமே இல்லை.

இங்கே ஸம்ப்ரதாயம் அறிந்தோர் ஓர் ஆக்ஷேபம் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். கைங்கர்யத்தில் தனக்கென்று ஒரு பயனைக் கொள்வது களை என்று முமுக்ஷுப்படியில் பிள்ளைலோகாசார்யர் அருளிச்செய்திருக்கிறார். ஆட்டுகிறவன் ஆறுதல் பெறுகிறான் என்றால் அந்தக் களையையல்லவா பயிரென்று கொண்டாடுகிறோம்? மடத்துப் பெரியவரின் கட்சி இவ்விடத்தில் நம் கட்சியைவிடத் தூயதாகத் தோன்றுகிறது. தனக்கு ஒன்றும் வேண்டாம், அவனுக்கு ஆட்டம் தடைப்படாமலிருந்தால் போதும் என்கிறார் அல்லவா?

விடை அதே ஆசார்யரின் ஸ்ரீவசநபூஷணத்தில் கிடைக்கிறது. மங்களாசாஸனம் ஏனைய ஆழ்வார்களுக்கு எப்போதோ நிகழ்வது, பெரியாழ்வாருக்கு என்றும் உள்ளது என்று சொல்லி, மற்றவர்களின் அச்சத்தைத் தீர்ப்பவை எவையோ அவற்றையே கண்டு இவர் அஞ்சுவதையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். எம்பெருமானுடைய தோள்வலியைக் கண்டு உலகம் அச்சம் தீரும். இவரோ இந்தத் தோள் போர்க்களம் புகுமே என்று நடுங்குவார். கூடலில் யானைமேல் எழுந்தருளி, வானில் வந்து நின்றவனுக்கே பல்லாண்டு பாடியவர் தொட்டிலருகே வந்தால் அச்சம் தணியுமா? உலகளந்தவனே என்று அழைத்துக்கொண்டே அழாதே என்கிறார். அளந்த பெருமை நினைவிலிருக்கும்போதே பிள்ளைக்கு என்ன நேருமோ என்ற பரிவு. சுரிகைக்கும் இதுவே காரணமாகலாம். காப்புக்கென வந்த பொருள் அது. ஆகவே ஆட்டுகிறவர் தேடும் ஆறுதல் தன் சுகத்தைப் பற்றியதன்று. அவர் அச்சமே அவனைப் பற்றியது. அது தணிவதை ஸ்வப்ரயோஜனம் என்று எண்ணுவதற்கில்லை. அதுவும் முற்றத் தணிவதில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த வரிசையோடு மீண்டும் தாலேலோ.

நிற்க. ஆட்டத்தால் கிடப்பவனுக்கு ஒன்றுமில்லை என்று அடியேன் சொல்வதாகக் கொள்ள வேண்டா. உட்செவியில் உடலின் அசைவையும் சாய்வையும் உணரும் பொறி உண்டு. சீரான ஆட்டம் அதன் வழியே உறக்கத்தைத் துணை செய்கிறது. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2011இலும் 2019இலும் வெளியிட்ட ஆய்வுகளில் வளர்ந்த ஆடவர் பெண்டிரே ஆடும் கட்டிலில் கிடத்தப்பட்டார்கள். நான்கு நொடிக்கு ஒரு முறை என்ற மெல்லிய ஆட்டத்தில் அவர்கள் விரைவில் உறங்கினர், ஆழ்ந்தும் உறங்கினர். அங்கே ஆட்டியதும் பொறிதான். மானிடக் குழந்தைக்குப் பொறி போதும் என்று ஒருவர் வாதிட்டால் அடியேன் மறுக்கப்போவதில்லை. பாற்கடலில் யோகநித்ரை கொள்பவனைப் பற்றியே இங்கே பேச்சு.

வழிபாட்டில் ஆடும் பொருள்கள் பலவற்றிலும் இந்த இருமுனைத் தன்மை தெரிகிறது. கல்யாண ஊஞ்சலில் தம்பதிகள் ஆட, ஸுமங்கலிகள் வண்ண அன்னப் பிடிகளைச் சுற்றி எறிகிறார்கள். ஆட்டமும் காப்பும் ஒரே சடங்கில் அடங்குகின்றன. திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டில் ஸிம்ஹகதி, ஸர்ப்பகதி என்று நடைகள் வகுக்கப்பட்டிருப்பது ஸ்ரீபாதந்தாங்குவாருடைய தோளிலும் காலிலும் பயின்ற கலை. அங்கே எழுந்தருளப்பண்ணும் கருவிக்குப் பெயரே தோளுக்கினியான். பெருமாளுக்கு இனியது என்று பெயரிட்டிருக்கலாம். சுமக்கிற தோளுக்கு இனிது என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள். தச்சுவேலைக்கு இப்படியொரு பெயர் இட்டவர்கள் களை எது, பயிர் எது என்று அறியாதவர்களா?

தொட்டிலைப் பற்றி இன்னும் ஒன்று. 'மாணிக்கம் கட்டி' திருமொழிக்கு முன்பே, 'வண்ண மாடங்கள்' திருமொழியில், ஒரு தொட்டில் வந்துவிடுகிறது. அது பிள்ளை உதைத்தால் கிழியும் தொட்டில். பொன் கிழியாது. பிளத்தல் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாமாயினும், ஆய்ச்சியின் வீட்டில் புடவைத் தொட்டிலே இருந்திருக்கும் என்று எண்ணவே அடியேன் மனம் விழைகிறது. அப்பாட்டில் யசோதை தான் மெலிந்ததாகச் சொல்லுகிறாள். அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் மிடுக்கின்மையைத் தாயின்மேல் ஏற்றாமல், இத்தனை துள்ளலைத் தாங்கும் வலிவு பிள்ளைக்கு இல்லையே என்று பிள்ளைமேல் ஏற்றிப் பொருள் கொள்வதும் உரைவழக்கில் உண்டு. உதைபட்டவள் உதைத்த காலுக்கு வருந்துகிறாள். இவ்விரண்டு திருமொழிகளுக்கும் பெரியவாச்சான்பிள்ளையின் வ்யாக்யானம் செல்லரித்துப் போக, மணவாள மாமுனிகள் அருளியதே நமக்கு எஞ்சியிருக்கிறது. பிற்கால ஆய்வாளர் சிலர் இவற்றைப் பிள்ளைத்தமிழின் தோற்றுவாய் என்றும் நாட்டார் தாலாட்டின் ஏற்றம் என்றும் கூறி அமைந்துவிடுகிறார்கள். அது பிழையன்று, ஆனால் அவ்வளவில் நின்றால் மெலிந்தவளின் பேச்சு காதில் விழாது.

மடத்துப் பெரியவருக்கு இவற்றையெல்லாம் கடிதத்தில் எழுதினேன். பொறியைக் கழற்றச் சொல்லவில்லை. பகலெல்லாம் அது ஆடட்டும், சாற்றுமுறைக்கு முன் ஒரு நாழிகை அதை நிறுத்தி, கயிற்றை வந்தவர்கள் கையில் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கயிறு அறுந்து கிடக்கிறது, புதிதாகத் திரிக்கச் சொல்லியிருக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.