பத்து இராகங்களும் ஒரு தாளப்பொறியும்

ஒரு துறையிற் பெயர் நிலைத்த கலைஞன் பிறிதொரு துறையில் முயலுமிடத்து, அதனை முதலிற் பொழுதுபோக்கெனத் தள்ளுவதும், பின்னர் மேனாட்டார் மெச்சியதும் தீர்க்கதரிசனமெனப் போற்றுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. இரண்டும் திறனாய்வு ஆகா. சரண்ஜித் சிங் 1982இல் ஒலிப்பதிவு செய்த, டிஸ்கோ நடையிலமைந்த பத்து இராகங்களைக் கொண்ட இசைத்தட்டு இதற்குத் தக்க சான்றாகும்.

சரண்ஜித் சிங் பம்பாயின் இந்தித் திரையிசைக் குழுக்களிற் கிற்றாரும் மின்விசைக் கருவிகளும் வாசித்தவர். திரையிசை அவரது தொழில். இவ்விசைத்தட்டோ அவரது சொந்த முயற்சி. றோலன்ட் நிறுவனத்தின் யப்பானியக் கருவிகள் மூன்றே அதற்குத் துணை. அன்று அது விலைபோகவில்லை. அக்கருவிகளுள் ஒன்றான டீபி-303ஐக் கொண்டு 1987இற் சிக்காகோவின் ஃபியூச்சர் குழுவினர் வெளியிட்ட இசைத்தட்டு, 'அசிட் ஹவுஸ்' என்னும் ஆடலிசைக்கு வழிகோலியது. 2010இற் சிங்கின் இசைத்தட்டு நெதர்லாந்தில் மறுபதிப்பானபோது, அவர் அவ்விசையின் முன்னோடியெனக் கொண்டாடப்பட்டார். எனினும், காலத்தால் முந்தியமை ஒன்றே கலைச்சிறப்பு ஆகிவிடாது.

அவர் வாசித்த பூபாலி நமது மோகனத்தையும், யமன் கல்யாணியையும், மால்கௌன்ஸ் இந்தோளத்தையும் ஒத்தவை. கோயில் வீதிகளில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துச் செவி அவற்றை எளிதில் இனங்காணும். சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் டீபி-303இன் இயல்பு, கமகத்தின் மங்கிய நிழலாகவேனும் அமைகின்றது. மீண்டும் மீண்டும் ஒலிக்கும் அதன் கீழ்க்குரல் சுருதிபோல நின்று இராகத்தைத் தாங்குகின்றது. இவ்வளவில் முயற்சி வெற்றியே.

இடர்ப்பாடு லயத்திலேயே தோன்றுகின்றது. ஆடுவோனுக்கு மாறாத நடை வேண்டும். இராகமோ ஆறுதலாக விரிந்து, படிப்படியாக விரைவுகொள்வது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற தவில் மேதை, நாதஸ்வரக்காரரின் மூச்சறிந்து வாசிப்பவர். அவர் தாளம் தருபவர் மட்டுமல்லர், கேட்பவருமாவார். பொறி தாளம் தரும், கேளாது. நமது கச்சேரி மேடைகள் மின்சுருதிப் பெட்டியைத் தடையின்றி ஏற்றுக்கொண்டபோதும், தவிலினதும் மிருதங்கத்தினதும் இடத்தைப் பொறிக்கு வழங்காமைக்குரிய காரணமும் இதுவே.

எனவே இவ்விசைத்தட்டின் பெறுமதி, சிக்காகோவை முந்தியதில் இல்லை. இராகத்திற்குப் பொறி எதுவரை துணைநிற்கும், எவ்விடத்திற் கைவிடும் என்பதை ஒருங்கே செவிக்கு உணர்த்தியதிலேயே அது தங்கியுள்ளது. சிங் 2015இல் மறைந்தார். பொறியைக் கேட்கவைப்பது எவ்வாறு என்ற வினா, இன்று கணினியில் இசையமைக்கும் இளைஞர் முன் எஞ்சி நிற்கின்றது.